நான் தெளியவைத்த தண்ணீர்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அண்ணா. எனக்கு வேண்டாம். இருபது வளைவு இருக்கிறது, கீழே பார்ப்பது எனக்கு ஆகாது. பையைக் கொடுங்கள், என் மடியில் இருக்கட்டும். தீபாவளிக்கு மலையேறிய கூட்டம் இன்னும் இறங்கித் தீரவில்லை, பாருங்கள், கால் வைக்க இடமில்லை.

நான் பேசுவது கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன். எனக்குக் குரலே இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நான் 'உள்ளேன் ஐயா' சொல்லியும் வராதவன் என்று போட்டுவிடுவார்கள். சொன்னேன். அவர்கள் காதில் விழவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அஸ்தம்பட்டியில் இறங்க வேண்டும் நான். பதினொரு மணிக்குள். அங்கேதான் எங்கள் முதலாளியம்மா வீடு. பதினொன்று அடித்தால் கார் ஏறிவிடுவார்கள். பெங்களூரில் விமானம், வெளிநாட்டில் மகன் வீடு, திரும்ப நான்கு மாதம் ஆகும். அதற்குள் போய் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னால் எங்கள் ரிசார்ட்டில் கூட்டித் துடைக்கிற பூங்காவனம் அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் அவள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகள் மலைமேல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ. வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்கே தெரியாது.

சொல்லத்தான் போகிறேன். சொல்லத்தானே கிளம்பி வந்தேன்?

ஆனால் தப்பு யார்மேல் என்று நீங்களே சொல்லுங்கள் அண்ணா. நான் ஐந்து மணி நேரம் கும்பிடாத குறையாக நின்று தெளியவைத்த தண்ணீர். அதில் அவள் தரை துடைத்த பக்கெட்டைக் கவிழ்த்தாள்.

ரிசார்ட் பெயர் வேண்டாம், விடுங்கள். அங்கே பெரிய காட்டேஜுக்குப் பின்னால் ஒரு ஹாட் டப் இருக்கிறது. சுடுதண்ணீர்த் தொட்டி. ஆறு பேர் உட்காரலாம். பக்கவாட்டிலிருந்து குமிழி குமிழியாக அடிக்கும். பூங்காவனம் அக்கா அதை அண்டா என்றுதான் சொல்வாள். "உன் அண்டா என்ன சொல்லுது அழகேசா?" என்று கேட்டுக்கொண்டே பெருக்குவாள். அந்த அண்டாவும் நீச்சல்குளமும் என் பொறுப்பு. மூன்று வருஷமாக ஒரு குறை கிடையாது. மேனேஜர் திவாகர் சார் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார், 'சத்தமே இல்லாம வேலை பாக்கறவன்னா அது அழகேசன்தான்' என்று.

தீபாவளிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம். பத்தொன்பது பேர். விடியற்காலையில் பெரியவர் தலையிலிருந்து கால் வரைக்கும் நல்லெண்ணெய் சொட்டச் சொட்ட, இடுப்பில் ஒரு துண்டோடு வந்து தொட்டி ஓரம் நின்றார்.

"தம்பி, இது தானா கொதிக்குதா?"

"கொதிக்காதுங்க. முப்பத்தெட்டு டிகிரிதாங்க. காத்துக் குமிழிங்க அது."

"அப்பறம் என்ன! ஏய், எல்லாரும் இங்கயே வாங்க. ஆளுக்கொரு பாத்ரூமைத் தேடிட்டு நிக்காதீங்க. கங்கா ஸ்நானம் இதுலயே முடிஞ்சுது!"

எண்ணெயோடு இறங்கக்கூடாது என்று நான் சொன்னேன் அண்ணா. அதாவது, அங்கே போர்டு இருக்கிறது, 'குளித்த பிறகே இறங்கவும்' என்று. போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு துணி எடுத்துப் போர்டைத் துடைத்தேன். இதற்குமேல் ஒருவன் எப்படிச் சொல்வது? விருந்தாளியிடம் நாமாக வாய் திறக்கக்கூடாது, அவர்கள் முன்னால் 'ஆனால்' என்ற வார்த்தையே வரக்கூடாது. அது சாருடைய சட்டம்.

ஆறு பேர் தொட்டியில் ஒரே சமயத்தில் பதினொரு பேர். எல்லாத் தலையிலும் எண்ணெய். அதோடு விட்டார்களா? பெரியவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சீயக்காய்த் தூள்.

"மாமா, அதுல போடாதீங்க!" என்று ஒரு மருமகள்தான் கத்தினாள்.

"சீயக்கா போடாம எண்ணெய் எப்படிம்மா போகும்?"

கொட்டினார். குமிழி அடிக்கிற தண்ணீரில் சீயக்காயைக் கொட்டினால் என்ன ஆகும்? நுரை எழும்பிற்று பாருங்கள், உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்து வரைக்கும் மறைந்து, பதினொரு தலை மட்டும் மிதக்கிறது. சின்னப் பிள்ளைகள் நுரையை அள்ளித் தாடி ஒட்டிக்கொள்கின்றன. எல்லோரும் செல்போனில் படம் எடுக்கிறார்கள். என்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

பத்தரைக்குக் கிளம்பிப் போனார்கள். நுரை அமுங்கிய பிறகு நான் குனிந்து பார்த்தேன். அரிசி கழுவின தண்ணீரில் மோரைக் கலந்த மாதிரி. மேலே எண்ணெய்ப் படலம் மயில் கழுத்து மாதிரி மினுங்குகிறது. கையை விட்டால் மணிக்கட்டு தெரியவில்லை.

சார் வந்து பார்த்தார். "அஞ்சு மணிக்கு பெங்களூர் பார்ட்டி. அந்தம்மா டாக்டர். டப்புக்காகவே இந்தக் காட்டேஜ் எடுத்திருக்காங்க. தெளிஞ்சிருக்கணும்."

முழுக்க இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர்தான் பிடிக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் மலைக் கிணற்றுத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி வரும், அதைச் சூடேற்ற எட்டு மணி நேரம். சாருக்கும் அது தெரியும். தெரிந்தவரிடம் என்ன சொல்வது? அரை அடி தண்ணீர் மட்டும் இறக்கி, அந்த அளவுக்குப் புதிது விட்டேன். பழைய வேட்டியை இரண்டு பக்கமும் பிடித்து மேல் தண்ணீரோடு இழுத்து இழுத்து எண்ணெயை எடுத்தேன். வடிகட்டியைக் கழற்றினால் ஆட்டுக்குடல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவி மாட்டினேன். அரை மணி ஓடினால் மறுபடி அடைப்பு. மறுபடி கழற்றிக் கழுவினேன். நான்கு தடவை.

பிறகுதான் குளோரின் தூள். அதற்கு ஓர் அளவுக் கரண்டி உண்டு. ஒரு கரண்டி போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். மோர் கொஞ்சம் நீர்மோர் ஆயிற்று, அவ்வளவுதான். இன்னொரு கரண்டி போட்டேன். மணி இரண்டரை. அடி தெரியவில்லை. இன்னும் இரண்டு போட்டேன்.

அந்த நேரத்தில் பூங்காவனம் அக்கா வந்தாள், கையில் மாப்போடு.

"என்ன தம்பி, கண்ணைக் கரிக்குது? மூடிபோட்டு வெச்சு சமைக்கிறியா?"

"கிட்ட வராதக்கா. நாலு பங்கு போட்டிருக்கேன். காலைல வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக்கூடாது. தோல் வெந்துரும், மூச்சு அடைச்சுக்கும்."

சொன்னேன் பார்த்தீர்களா? சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்கிறவன்தான் நான். அவளோடு எனக்குப் பேச வரும். என் குரல் இவ்வளவுதான் என்று தெரிந்து, மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிட்டே வந்து கேட்பாள். அப்படிக் குனிந்தபோதுதான் அவளுடைய யூனிஃபார்ம் சேலை, கருநீலம், அதன் கொசுவம் தண்ணீரில் பட்டது. நாங்கள் பேசி முடிப்பதற்குள் கையகலத்துக்கு வெளுத்துவிட்டது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"சாமி! துணிக்கே இந்தக் கதியா? சார்ட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிடறேன்க்கா."

மூன்றரை மணிக்குத் தெளிந்தது அண்ணா. எப்படித் தெளிந்தது தெரியுமா? அடியில் ஒரு தோட்டுத் திருகாணி கிடக்கிறது, ஈரோட்டுக்காரர்கள் தொலைத்தது. அதன் மரைகூட எண்ணலாம் போல இருந்தது. அப்படி ஒரு தண்ணீரை நான் என் கையால் அதற்கு முன்னே செய்ததில்லை. பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கும், நனைத்தால் நிறம் மாறும். ரோஜா நிறத்துக்கு வந்தால் ஆள் இறங்கலாம். நனைத்தேன். நாவல்பழ நிறம். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாரிடம் சொல்லத்தான் போனேன்.

சார் போனில் இருந்தார். நின்றேன். பத்து நிமிஷம் நின்றேன். போனைக் காதில் வைத்தபடியே, "தெளிஞ்சுதா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். தெளிந்தது உண்மைதானே? இறங்கலாமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வந்துவிட்டேன்.

அஞ்சு மணிக்கு வர வேண்டியவர்கள் நாலேகாலுக்கே வந்துவிட்டார்கள்.

இது எத்தனையாவது வளைவு? பன்னிரண்டா? சரி, சரி. நேரம் இருக்கிறது.

அந்த டாக்டரம்மா, வீட்டுக்காரர், ஒரு பெண் குழந்தை. ஆறு ஏழு வயது இருக்கும். நேயா என்று கூப்பிட்டார்கள். குழந்தை கார் கதவைத் திறக்கும்போதே நீச்சலுடையில் இருக்கிறது. இடுப்பில் காற்றடித்த மஞ்சள் வாத்து. அம்மா கையில் மூச்சுக்கு உறிஞ்சுகிற அந்த நீலக் குப்பி. "ஓடாத, ஓடாத, மறுபடியும் வீசிங் வந்துரும்" என்று பின்னாலேயே வருகிறார். அந்தக் குப்பியைப் பார்த்ததும் நான் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

சார் முன்னால் நடந்து வருகிறார். "பாருங்க மேடம், கண்ணாடி மாதிரி! காலைல இருந்து இதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டிருக்கேன்." என்னைக் கைகாட்டினார்.

"குளோரின் வாசனை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே?"

"அவ்ளோ சுத்தம் மேடம். அந்த வாசனைதான்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். நான் சட்டைப்பையில் கையை வைத்தேன், தாளை எடுக்க. சார் என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டேன்.

குழந்தை படியில் ஏறிவிட்டது. வாத்தைச் சரி செய்துகொண்டு ஒரு காலை நீட்டுகிறது. நான் சொன்னேன் அண்ணா. "பாப்பா, கொஞ்சம் இரு" என்று சொன்னேன். குமிழி மோட்டார் ஓடுகிறது, அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? வாய் அசைந்தது எனக்குத் தெரியும். மறுபடி சொல்ல மூச்சை இழுத்தேன். இழுத்த மூச்சு இழுத்தபடியே நிற்கிறது. குழந்தையின் கட்டைவிரலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கும்.

வராந்தாவில் பூங்காவனம் அக்கா. காட்டேஜ் முழுக்கத் துடைத்த பக்கெட் கையில்.

"அழகேசா, சொல்லு" என்றாள்.

நான் சொல்ல இருந்தேன். சத்தியமாகச் சொல்ல இருந்தேன். ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் விடுவிடுவென்று வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குழந்தையை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினாள், மறு கையால் பக்கெட்டைத் தூக்கி அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தாள். கறுப்புத் தண்ணீர். பெனாயில். பட்டாசுத் தாள், மயிர்ச்சுருள், ஒரு சிகரெட் துண்டு. என் தண்ணீர் அண்ணா! திருகாணி தெரிந்த தண்ணீர்! ஒரு நொடியில் சாக்கடை.

குழந்தை வீறிட்டது. அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டு, "ஆர் யூ மேட்? குழந்தையைத் தள்ளறியா நீ?" என்று அவளைப் பார்த்துக் கத்துகிறார். சார் முகம் சிவந்து அக்காவிடம் வருகிறார்.

"எதுக்குடி இதைப் பண்ணின?"

அக்கா சார் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அவனைக் கேளுங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தைகூட. அத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணா. அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்கிறீர்கள்? இல்லை, ஒன்றுமே சொல்லவில்லை என்று இல்லை. "எனக்குத் தெரியலைங்க சார்" என்று சொன்னேன். அது பொய்யா? அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கெட் கனத்தில் கை தவறியிருக்கலாம். நேரில் பார்த்த மாதிரி இன்னொருத்தர் மனசைப் பற்றி நான் சொல்ல முடியுமா?

அது அவர்களுக்குக் கேட்டது. அதுமட்டும் நன்றாகக் கேட்டது.

அங்கேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார் சார். அக்கா ஒரு வார்த்தை வாதாடவில்லை. வெறும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். அவளும் சொல்லியிருக்கலாம் அல்லவா? 'இந்தத் தண்ணியில இறங்கினா ஆபத்து' என்று அவளே வாய் திறந்து கத்தியிருக்கலாம் அல்லவா? அவளுக்குத்தான் மலை எதிரொலிக்கிற குரல். ஏன் கத்தவில்லை? நேற்று அதைக் கேட்டேன். "நான் சொன்னா யாரு நம்புவா? நான் கூட்டறவ. தண்ணிக்காரன் நீதானே? நீயே வாயைத் திறக்கலை. பேசி, அவங்க நம்பறதுக்குள்ள பாப்பா முங்கி எந்திரிச்சிருக்கும். சாக்கடைன்னா எல்லாரும் யோசிக்காம விலகிருவாங்க" என்றாள். அவளுக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

அன்று சாயங்காலம் தொட்டியை நானே இறக்கினேன். அதற்குமுன் ஒரு தாளை நனைத்தேன். அந்தச் சாக்கடையிலும் நாவல்பழ நிறம்தான். தண்ணீர் வடிந்த பக்கம் புல்வெளி இப்போது பாய் விரித்த மாதிரி மஞ்சளாகக் கிடக்கிறது. நாலு நாளாக எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

சார்மட்டும் ஒரு தடவை அந்தப் புல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தோளில் கை போட்டார். "நீ நல்ல பையன் அழகேசா. கொடைக்கானல்ல அடுத்த மாசம் புது ரிசார்ட் திறக்கறாங்க, அங்க பூல் மொத்தமும் உன் பொறுப்புன்னு சொல்லலாம்னு இருக்கேன்" என்றார். மூன்று வருஷத்தில் என் தோளில் அவர் கை பட்டதே இல்லை. வேலையைப் பார்த்துத்தானே கொடுக்கிறார்? வேறு எதற்குக் கொடுக்கப் போகிறார்?

பூங்காவனம் அக்கா சும்மா இருக்கவில்லை. முதலாளியம்மாவுக்கே போன் போட்டுவிட்டாள். அந்தம்மா நல்ல மாதிரி. "உன் பேச்சை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண முடியாது. அந்தப் பையனும் வந்து சொல்லட்டும். கிளம்பறதுக்குள்ள வாங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்கா முதல் பஸ்ஸுக்கே இறங்கிப் போய்விட்டாள், அந்தக் கருநீலச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு. வெளுத்த இடத்தைக் காட்டுவாளாம். நேற்று என் ரூம் வாசலில் வந்து நின்று சொன்னாள்: "நீ அதிகம் பேச வேண்டாம் தம்பி. நாலு பங்கு போட்டேன், அக்காட்ட சொன்னேன். அவ்ளோதான். கத்தவும் வேண்டாம். எதிர உக்காந்திருக்கற ஒரு பொம்பளைக்குக் கேட்டாப் போதும்."

சரிக்கா என்றேன். சொன்னேன், அவளுக்குக் கேட்டது. அவளுக்கு எப்போதும் கேட்கும்.

அதான் கிளம்பி வந்துவிட்டேன். சாரிடம் பல்வலி, சேலம் போகிறேன் என்று சொன்னேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நாலு பங்கு போட்டேன், அக்காட்ட சொன்னேன். நாலு பங்கு போட்டேன், அக்காட்ட சொன்னேன். உங்களிடம் முழுசாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள், ஒரு தடை இல்லாமல் வந்தது. அப்படியே அங்கேயும் வந்துவிடும்.

கோரிமேடு தாண்டிவிட்டதா? அதற்குள்ளா? மணி என்ன? பத்து ஐம்பது. சரியாக இருக்கும். ரவுண்டானாவுக்கு முன்னால் அந்த டீக்கடை வாசலில் நிற்பதாகச் சொன்னாள்.

கண்டக்டர் கேட்கிறார். அஸ்தம்பட்டி இறங்க ஆள் இருக்கிறதா என்றுதானே?

"இருக்குங்க."

சொன்னேன் அல்லவா? கூட்டம் மறைக்கிறது. அந்தப் பக்கம் பாட்டு வேறு போட்டிருக்கிறார்கள். மறுபடி கேட்கிறார் பாருங்கள். நல்ல கண்டக்டர், இரண்டு தடவை கேட்கிறார்.

"ஆள் எறங்கணும்ங்க."

ரைட் கொடுத்துவிட்டாரே!

இல்லை அண்ணா, வேண்டாம், நீங்கள் எதற்குக் கத்துகிறீர்கள்? கையை இறக்குங்கள். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உட்காருங்கள், உட்காருங்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தால் ஆயிற்று. பதினைந்து நிமிஷம். அந்தம்மா கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்புவார்கள், பெரிய மனிதர்கள் எப்போது நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள்?

அதோ டீக்கடை. நிற்கிறாள். கையில் அந்தப் பை. பஸ்ஸைத்தான் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறாள். நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள் அண்ணா. இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்கள்.

போய்விட்டதா?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் சொன்னேன் அண்ணா. இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள், உங்களுக்குக் கேட்டது அல்லவா? நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டும். அழகேசன் சொன்னான் என்று.